எழாதவள்

மருதை அவளைப் போல நடந்து காட்டினான். அவள் அப்படி நடப்பவள் இல்லை.

இடுப்பை ஆட்டினான். முந்தானையை விரலில் சுற்றி அவிழ்த்தான். யாரோ கூப்பிட்டது போலத் தோளுக்கு மேல் திரும்பிச் சிரித்தான். சபையும் சிரித்தது.

வெள்ளையம்மாள் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து மறுக்க முடியாது. எழுகூத்தில் யாருடைய கதை ஆடப்படுகிறதோ அவர் எழக்கூடாது. எழுந்தால் வழக்கு செத்துப்போகும். அதை மறுபடி சபைக்குக் கொண்டுவர முடியாது.

கையால் மணலை அள்ளினாள். விட்டாள். மறுபடி அள்ளினாள்.

பங்குனி மாதம். கொள்ளிடத்தில் தண்ணீர் வடகரையோரம் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடியது. மீதியெல்லாம் மணல். தென்கரை வாழைகளுக்கு மேல் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரிந்தன. வெயில் இன்னும் இறங்கவில்லை.

தென்கரையில் இருந்தவர்களைப் படுகையார் என்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் பரிசல் ஓட்டுவார்கள். வற்றினால் மணலில் குழி தோண்டி வெள்ளரி போடுவார்கள். கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆறு காய்ந்த பிறகு ஒரு நாள் கூடி, தீராத வழக்குகளைக் கூத்தாக ஆடுவார்கள். கதையின் முன்பாதி நடந்தது. பின்பாதி சபை சொல்வது.

கூத்து நடக்கும்போது எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது எழுந்தால் மத்தளம் நிற்கும். எழுந்தவர் சொல்வதை ஆட்டக்காரன் ஆடிக்காட்ட வேண்டும். ஆடியதும், "இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்பான். சரி என்பவர்கள் எழுவார்கள். ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் கூத்து தொடரும். எல்லோரும் எழுந்துவிட்டால் மத்தளக்காரன் மூன்று தட்டுத் தட்டுவான். சபை மறுபடி உட்காரும். ஆட்டக்காரன் வந்து, கதைக்கு உரியவரைக் கை கொடுத்து எழுப்புவான். அதோடு முடிந்தது. பிறகு அதை யாரும் மாற்றுவதில்லை.

அதனால் வேறு எதற்காகவும் யாரும் எழுவதில்லை. ஒதுங்கப் போகிறவர்கள் உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்து, கூட்டத்தைத் தாண்டிய பிறகு எழுந்தார்கள். கைப்பிள்ளை அழுதால் தாய் முட்டிபோட்டுப் போனாள். ஸ்ரீரங்கத்திலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கூத்தைவிட இதைத்தான் ரசித்தார்கள். அன்று அப்படி வந்திருந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. அங்கவஸ்திரத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"சாமி, துணி மேல உட்கார்ந்தா சபை இல்லிங்க. எந்திரிச்சாலும் கணக்கு இல்ல" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நேக்கு அபிப்பிராயம் ஒண்ணும் வேண்டாம்டா. வேஷ்டி அழுக்காகாம இருந்தா போறும்."

வெள்ளையம்மாளின் கணவன் ராமர் ரங்கூனுக்குப் போனபோது பாப்பாயி வயிற்றில் இருந்தாள். இப்போது பாப்பாயிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. ராமரிடமிருந்து தகவல் இல்லை. அவனோடு கப்பலேறியவர்களில் திரும்பி வந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஒருவன் செத்தான் என்றான். ஒருவன் அங்கே மோல்மேன் என்ற ஊரில் பார்த்ததாகச் சொன்னான்.

அப்படிப்பட்டவள் படுகையை விட்டுப் போகலாம். யாரும் தடுப்பதில்லை. பிள்ளை மட்டும் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளையோடு போக வேண்டுமென்றால் சபை எழ வேண்டும்.

அவளுக்குப் பாப்பாயி வேண்டும். அவ்வளவுதான் வழக்கு.

சபைக்கு முன்னால் இரண்டு இடங்கள். ஒன்றில் அவள். மற்றதில் ராமரின் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. துண்டுக்குப் பின்னால், சபையின் முதல் வரிசையில், ராமரின் அண்ணன் நல்லதம்பி உட்கார்ந்திருந்தான். பரிசல் துறையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவன். அவனுக்குப் பிள்ளை இல்லை. பாப்பாயி அவன் மடியில் படுத்து அவன் கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

மருதை நல்லதம்பியின் பரிசலை ஓட்டுகிறவன். காலையில் நல்லதம்பி வீட்டில்தான் சாப்பிட்டான். வெள்ளையம்மாள் பரிமாறினாள். அவன் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

இப்போது அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் மஞ்சள் பூசி, வாயில் வெற்றிலையோடு ஆடினான்.

"தென்னூருக்குப் போறேன், தெரு நல்லாருக்கு. சுருட்டுச் சுத்துறேன், கை மணக்குது. வூட்டுல யாரு இருக்கா எனக்கு?"

ராக்கம்மாள் என்ற கிழவி எழுந்தாள். மத்தளம் நின்றது.

"அந்த வெத்தலையத் துப்புடா. அவ வெத்தல போடுறதில்ல."

மருதை துப்பினான். சபை சிரித்தது. ராக்கம்மாள் உட்கார்ந்தாள். மத்தளம் தொடர்ந்தது. வெற்றிலை இல்லாமல் மருதை முன்போலவே இடுப்பை ஆட்டினான்.

பிறகு ஒருவன் எழுந்தான். "ராமர் திரும்பி வராப்ல ஆடுங்க."

அதிலிருந்து சபைக்கு உற்சாகம் வந்துவிட்டது. ராமர் வேஷக்காரன் குடையோடு வந்தான். இன்னொருவன் எழுந்து, டிரங்குப் பெட்டி வேண்டும் என்றான். பெட்டி வந்தது. பெட்டிக்குள் என்ன என்பதில் நாலு பேர் எழுந்தார்கள். பட்டு என்றான் ஒருவன். கைக்கடியாரம் என்றான் ஒருவன். "பர்மாக்காரி" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. ராமர் பெட்டியைத் திறந்து ஒரு பர்மாக்காரியை எடுத்தான். பெண்கள் மணலில் அடித்துச் சிரித்தார்கள். அவளை உள்ளே வைத்து மூடு என்று ஒரு கிழவர் எழுந்தார். மூடினான். காவி கட்டி வரட்டும் என்றான் இன்னொருவன். ராமர் காவியோடு வந்து பிச்சை கேட்டான்.

வெள்ளையம்மாள் தன் புருஷன் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மருதை ஓடிப்போய் அவன் காலில் விழுந்தான். விழுந்த இடத்தில் மஞ்சள் ஒட்டிய மணல் இருந்தது.

நல்லதம்பி எழுந்தான். பாப்பாயியை இடுப்பில் வைத்திருந்தான். மத்தளம் நின்றது.

"எந்த வேஷத்துல வந்தாலும் வரட்டும். அவன் வருவான். வர வரைக்கும் அவன் புள்ள அவன் வூட்டுல இருக்கட்டும். அத ஆடு."

மருதை ஆடினான். பிள்ளைக்காக வைத்திருந்த வைக்கோல் பொம்மையைத் துண்டுக்குப் பக்கத்தில் கிடத்தினான். தனியாகப் படுகையைவிட்டுப் போவது போல நடந்தான். திரும்பி நின்று கேட்டான்.

"இப்படியே இருக்கட்டுமா?"

முதலில் நல்லதம்பியின் ஆட்கள் எழுந்தார்கள். பிறகு குடை கேட்டவன். பெட்டி கேட்டவன். இவ்வளவு நேரம் ராமரை வரவழைத்து மகிழ்ந்தவர்களுக்கு அவன் வரமாட்டான் என்று சொல்ல மனம் வரவில்லை. கிழவர்கள் எழுந்தார்கள். பெண்கள் எழுந்தார்கள். ராக்கம்மாள் வெள்ளையம்மாளைப் பார்த்தாள். பிறகு தரையில் கையூன்றி அவளும் எழுந்தாள்.

மத்தளக்காரன் சின்னாண்டி கையைத் தூக்கினான். சபையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினான். கையை இறக்கிவிட்டான்.

"ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசியில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருத்தி மணலில் உட்கார்ந்திருந்தாள்.

அது சாரா பீவி. திருச்சித் தென்னூரில் அவள் வீட்டு முற்றத்தில்தான் வெள்ளையம்மாள் சுருட்டுச் சுற்றினாள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதில் வந்து இருக்கலாம் என்று சொன்னவளும் அவள்தான். ஜட்காவில் வந்திருந்தாள். ஜட்காக்காரன் கரையில் காத்திருந்தான்.

"டவுன்காரிக்கு இங்க என்ன?" என்றான் நல்லதம்பி.

"மண்ணுலதான் உட்கார்ந்திருக்காங்க" என்றான் சின்னாண்டி.

"அதுக்கு?"

"மண்ணுல உட்கார்ந்தா சபைதான். வடகரைக்காரன் வந்து உட்கார்ந்தாலும் சபைதான். உட்காருங்க எல்லாரும்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சபை முழுவதும் உட்கார்ந்த பிறகு சாரா பீவி எழுந்தாள். துப்பட்டியிலிருந்து மணலைத் தட்டினாள்.

"நான் பேசலாமா?"

"சொல்லுங்க. அவன் ஆடுவான்."

"ஏன்ப்பா, நீ அவள நடந்து பாத்திருக்கியா? இந்த ஆட்டு ஆட்டுற. அவ இப்படி ஆடிக்கிட்டு தென்னூர் வந்து சேர்றதுக்குள்ள என் கடை சாத்தியிருக்கும். குனிஞ்சு நட. வேகமா. யாராவது கூப்பிட்டா நிக்காத. சிரிக்காத. சுருட்டுச் சுத்துறப்ப அவ பேசி நான் கேட்டதே இல்ல. எனக்கே அலுத்துப்போகுது."

சிலர் சிரித்தார்கள். மருதை நல்லதம்பியைப் பார்த்தான். பிறகு குனிந்து, வேகமாக நடந்தான். வெள்ளையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் வாழைத்தோப்பைத் தாண்டும்போது தன் நிழல் அப்படித்தான் போகும்.

"இப்ப அந்தப் பொம்மையத் தூக்கு. தூக்கிக்கிட்டுப் போ. ராமர் வந்தா தென்னூர்ல வந்து பாக்கட்டும். ரங்கூன் வரைக்கும் போனவனுக்கு தென்னூர் தூரமா?"

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. மருதை பொம்மையைத் தூக்கினான். துண்டை மிதிக்காமல் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான். சபையின் விளிம்புவரை போனான். திரும்பினான். நல்லதம்பியைப் பார்க்காமல் கேட்டான்.

"இப்படியே இருக்கட்டுமா?"

சாரா பீவி நின்றுகொண்டிருந்தாள். ராக்கம்மாள் எழுந்தாள். அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் எழுந்தார்கள். பர்மாக்காரி என்று கத்தியவள் எழுந்தாள். மற்றவர்கள் அசையவில்லை. ஆண்கள் பக்கம் ஒருவரும் இல்லை.

சின்னாண்டி மத்தளத்தில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெள்ளையம்மாள் திரும்பி எண்ண முயலவில்லை.

அப்போது கரையிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

தை மாதத்திலிருந்து கூட்டம் போடத் தடை இருந்தது. கள்ளுக்கடை மறியல், துணிக்கடை மறியல் என்று தினமும் யாரையாவது பிடித்துப் போனார்கள். ஆற்று மணலில் ஜனங்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவராக எழுந்து பேசுகிறார்கள் என்று யாரோ ஸ்டேஷனில் போய்ச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் எழுந்தவன் நல்லதம்பி. துறைக் குத்தகைக்காரன். எந்த அதிகாரியைப் பார்த்தாலும் எழுந்து பழகியவன். அவனைப் பார்த்து அவன் ஆட்கள் எழுந்தார்கள். பின்வரிசை எழுந்தது. பெண்கள் பக்கம் மீதியும் எழுந்தது. குமாஸ்தாவும் எழுந்து அங்கவஸ்திரத்தை மடித்தார்.

எல்லோரும் நின்றார்கள்.

சின்னாண்டியின் கை மத்தளத்தில் இருந்தது. அது மூன்று தட்டுத் தட்டியது. தட்டிய பிறகுதான் அவன் தன் கையைப் பார்த்தான்.

தட்டுச் சத்தம் கேட்டதும் சபை உட்கார்ந்தது. யாரும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

சப் இன்ஸ்பெக்டர் பாதி மணலில் நின்றுவிட்டார். அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். மேளம் மூன்று முறை அடித்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

"யாருடா இவங்களுக்கு டிரில் குடுத்தது?" என்றார் ஒரு கான்ஸ்டபிளிடம்.

"தெரியலிங்க ஐயா."

"எழுந்திருங்கடா எல்லாரும்."

மறுபடி எழுந்தார்கள். தட்டு விழுந்துவிட்டது. இனி எழுந்தாலும் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஒருத்தியைத் தவிர.

வெள்ளையம்மாளுக்குக் காதில் அந்த மூன்று தட்டு மட்டும் இருந்தது. மருதை வந்து கை கொடுக்க வேண்டும். அவன் விளிம்பில் பொம்மையோடு நின்றிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

மருதை ஓரடி வைத்தான்.

"வேஷக்காரா, நில்லு அங்கேயே" என்றார் சப் இன்ஸ்பெக்டர். அவன் நின்றான்.

"இங்க யாரு தலைவரு?"

"அப்படி யாரும் இல்லிங்க எசமான்" என்றான் நல்லதம்பி. "இது கூத்துங்க. வருஷா வருஷம் ஆடுறது."

"என்ன கதை?"

நல்லதம்பி தயங்கினான். "இந்தா இவ கதைங்க."

சப் இன்ஸ்பெக்டர் அவன் காட்டிய இடத்தைப் பார்த்தார். கூட்டம் முழுவதும் நிற்க, நடுவில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தனியா சொல்லணுமா? எழுந்திரு."

அவள் எழவில்லை.

"காது கேக்காதா?"

"கேக்குதுங்க எசமான்."

"அப்புறம்?"

"எந்திரிக்கக் கூடாதுங்க."

"யார் சொன்னா எழுந்திருக்கக் கூடாதுன்னு?"

யாரும் சொன்னதில்லை. அப்படித்தான்.

நல்லதம்பி இரண்டடி முன்னால் வந்தான். அவள் தானாக எழுந்துவிட்டால் வழக்கு செத்துப்போகும் என்பது அவனுக்கு இப்போது உறைத்திருந்தது. குரலில் அன்பைக் கொண்டுவந்தான்.

"எந்திரி புள்ள. எசமானே சொல்றாருல்ல. சர்க்காரு சொல்லுக்கு மேல சபை ஏது. சும்மா எந்திரி."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தோளில் பாப்பாயி இருந்தாள். போலீஸ் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் மாமா முதல்ல எந்திரிச்சீங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

நல்லதம்பி வந்த இரண்டடியும் பின்னால் போனான்.

"இது மறியல்காரங்க வேலைதான். உட்கார்ந்துட்டா எழுந்திருக்க மாட்டாங்க. யார்கிட்டயோ கத்துக்கிட்டிருக்கா" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "தூக்குங்க."

கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் காலைப் பிரிக்கவில்லை. சம்மணத்தோடு மேலே வந்தாள். தரையில் காலை ஊன்றவைக்க அழுத்தினார்கள். முழங்கால் விரியவில்லை. ஒருவன் பிரம்பால் தொடையில் அடித்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடி அடித்தான்.

"ஐயா, அவ என்கிட்ட வேலை பாக்குற பொண்ணு" என்று சாரா பீவி முன்னால் வந்தாள். "என்ன தப்புப் பண்ணிச்சு?"

"நீ எழுந்திருக்கச் சொல்லு."

சாரா பீவி வெள்ளையம்மாளின் முகத்தைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேங்க" என்றாள்.

கரையில் ஒரு மாட்டு வண்டி நின்றது. வெள்ளரிக்காய் ஏற்ற வந்த வண்டி. அதுவரை அவளைச் சுமந்தார்கள். மணலில் கால் புதைந்து ஒரு கான்ஸ்டபிள் தடுமாறினான். "சாமி தூக்குற மாதிரி இருக்குய்யா" என்றான் மற்றவன். சம்மணம் கலையாமல் வண்டியில் இறக்கினார்கள். வண்டி கிளம்பியது.

சபை நின்றுகொண்டிருந்தது. கூத்து முடியவில்லை. கை கொடுக்காமல் எப்படி முடியும். யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. முதலில் சின்னாண்டி மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். சேலையும் மஞ்சளுமாக மருதை கடைசியில் நடந்தான். வைக்கோல் பொம்மையைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டான்.

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியைத் தாண்டும்போது ஜனங்கள் கடை வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

"எந்த ஊரு நாடகம்?"

"இது நாடகம் இல்ல. பின்னால போலீசு வருது."

"போலீசு முன்னால போகுதுய்யா."

ஸ்டேஷனில் வெள்ளையம்மாளைச் சிமெண்டுத் தரையில் வைத்தார்கள். வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தொடை எரிந்தது. கால் மரத்துப்போயிருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். அவனுக்கு அப்பால் தெரு. தெருவில் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை.

பெயர் கேட்டார்கள். சொன்னாள். புருஷன் பெயர் கேட்டார்கள். சொன்னாள். எங்கே என்றார்கள். "அதத்தாங்க ஆடுனாங்க" என்றாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டார்.

வெளியே ஏதோ சத்தம். வாசல்காரன் உள்ளே ஓடி வந்தான்.

"ஐயா, வந்து பாருங்க."

படுகையார் ஸ்டேஷனுக்கு முன்னால் தெருவை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் ஒரு பக்கம். நடுவில் சின்னாண்டி மத்தளத்தை மடியில் வைத்திருந்தான். யாரும் பேசவில்லை. கோஷம் இல்லை. கொடி இல்லை. வந்த பஸ் ஒன்று நின்று ஹாரன் அடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தார். திருச்சியிலிருந்து மேலதிகாரி எந்த நேரமும் ரோந்து வருவார். தன் ஸ்டேஷன் வாசலிலேயே மறியல்.

"கலைஞ்சு போங்க" என்றார்.

அவர்கள் அவரைப் பார்த்தார்கள். எழவில்லை.

குமாஸ்தா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். அவரை சப் இன்ஸ்பெக்டருக்குக் கோர்ட்டில் பார்த்துத் தெரியும்.

"இன்ஸ்பெக்டர்வாள், இது நீங்க நினைக்கற மறியல் இல்லை. சுத்த சம்பிரதாயம். இவா கூத்து இன்னும் முடியலை. அதோ மூஞ்சியெல்லாம் மஞ்சளா உக்காந்துண்டிருக்கானே, மருதைன்னு, அவன் உள்ள போய் அவளுக்கு ஒரு கை குடுத்து எழுப்பணும். எழுப்பிட்டா இவா அத்தனை பேரும் ஆத்துக்குப் போயிடுவா."

"கை குடுக்கணுமா?"

"ஆமாம். கைதான்."

"இதை நான் என்னன்னு எழுதறது?"

"ஏன் எழுதணும்?"

சப் இன்ஸ்பெக்டர் தெருவைப் பார்த்தார். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.

உட்கார்ந்திருந்தவர்களுக்குள் பேச்சு தொடங்கியிருந்தது. நல்லதம்பிதான் தொடங்கினான்.

"அது எப்படிச் செல்லும்? போலீசப் பாத்து எந்திரிச்சோம். அவளுக்காகவா எந்திரிச்சோம்? கேளுங்க ஒவ்வொருத்தனையும்."

பலருக்கு அதுவே சரி என்று பட்டது.

"நீ எதுக்குய்யா தட்டுன?" என்றான் சின்னாண்டியிடம்.

"எல்லாரும் நின்னாங்க. தட்டுனேன்."

"பயத்துல நின்னோம்."

"ஏன் நின்னீங்கன்னு மத்தளம் கேக்குறதில்ல நல்லதம்பி." சின்னாண்டி மெதுவாகப் பேசினான். "உங்கப்பனுக்குத் துறை எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"சபை குடுத்துச்சு."

"சபையில சாரப்பாம்பு வந்துச்சு. துறை உங்கப்பனுக்குன்னு ஆடி, 'இப்படியே இருக்கட்டுமா'ன்னு கேட்டு நிக்கிறப்ப வந்துச்சு. அத்தனை பேரும் துள்ளி எந்திரிச்சாங்க. எங்கப்பன் தட்டிட்டாரு. எதிராளி இதத்தான் கேட்டான், பாம்புக்கு எந்திரிச்சது செல்லுமான்னு. செல்லும்னு சொன்னது யாரு? உங்கப்பன்."

பின்னால் ஒருவன் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டான். நல்லதம்பி தரையைப் பார்த்தான். பாப்பாயி அவன் குடுமியை அவிழ்த்து மறுபடி முடிய முயன்றுகொண்டிருந்தாள்.

"மருதை" என்று வாசல்காரன் கூப்பிட்டான். "யாருய்யா மருதை? ஐயா உள்ள வரச் சொல்றாரு. சீக்கிரம்."

மருதை எழுந்தான். நல்லதம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்லதம்பி அவன் சேலை நுனியைப் பிடித்தான்.

"போகாதடா."

"வேஷத்தக் கலைக்கணும் அண்ணே. அவளுக்குக் கை குடுக்காம மூஞ்சியத் தொடைக்க முடியாது. இப்படியே வூட்டுக்குப் போனா என் பொண்டாட்டி உள்ள விடுவாளா?"

நல்லதம்பி விட்டான்.

மருதை குனிந்து வேகமாக நடந்து உள்ளே போனான். எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவன் சீட்டி அடித்தான். மருதை வெள்ளையம்மாளின் முன்னால் நின்றான். மஞ்சள் வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்திருந்தது.

"காலையில உன் கையால தின்னுட்டு அப்படி ஆடிட்டேன்" என்றான்.

"கையக் குடு" என்றாள்.

கொடுத்தான். அவள் பிடித்து எழுந்தாள். கால் நிற்கவில்லை. அவன் மேல் சாய்ந்தாள். சேலை கட்டிய இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தெருவில் எல்லோரும் எழுந்தார்கள். சின்னாண்டி மத்தளத்தைக் கவிழ்த்து உறையில் போட்டான். பஸ் நகர்ந்தது.

கடைகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். சாரா பீவியின் ஜட்கா தெருமுனையில் நின்றது. படுகையார் கலைந்து போகத் தொடங்கினார்கள். நல்லதம்பி போகவில்லை.

வெள்ளையம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"வாடி" என்று கையை நீட்டினாள்.

பாப்பாயி அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வா பாப்பாயி. வண்டியில போகலாம்."

"நான் வரல. நான் பெரிப்பா கூடப் போறேன்."

வெள்ளையம்மாளின் கை நீட்டியபடி இருந்தது. இழுக்கலாம். இழுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். சபை எழுந்துவிட்டது. ஆனால் கை முன்னால் போகவில்லை. அவள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றாள்.

நல்லதம்பி குழந்தையின் விரல்களைத் தன் குடுமியிலிருந்து பிரித்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. பொறுமையாகப் பிரித்தான். கழுத்தைச் சுற்றிய கையையும் எடுத்தான். குழந்தை வீறிட்டது. தூக்கி வெள்ளையம்மாளின் கையில் கொடுத்தான்.

"ராத்திரி தண்ணி கேப்பா. கேட்டதும் குடுத்துடணும். இல்லாட்டி விடிய விடிய முழிச்சிருப்பா."

"தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும். நீ வேலைக்குப் போயிட்டு வந்து அசந்து தூங்குற. நான்தான குடுக்குறேன்."

குழந்தை அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கத்தியது. அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது.

"தென்னூர்ல பள்ளிவாசலுக்குப் பின்னாடி சந்து" என்றாள். "சுருட்டுக்கார வீடுன்னு கேட்டா சொல்லுவாங்க."

நல்லதம்பி அவிழ்ந்த குடுமியை முடிந்தான். முடிச்சு நிற்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு வடக்கே நடந்தான்.

ஜட்காவில் சாரா பீவி ஒதுங்கி இடம் விட்டாள். வண்டி கிளம்பியதும் பாப்பாயி முன்பலகையை உதைக்க ஆரம்பித்தாள். குதிரை மிரண்டது.

"பிள்ளையப் பிடிங்கம்மா" என்றான் ஜட்காக்காரன்.

வெள்ளையம்மாள் அந்தக் காலைப் பிடித்தாள். பிடித்தால் பாப்பாயி அழுதாள். விட்டால் உதைத்தாள். பிடித்தாள். விட்டாள். வண்டி காவேரிப் பாலத்தில் ஏறியது.